பல்வலிக்கு ஒரு செட்டு

பல்வலி என்று யார் வந்தாலும் அவர் முதலில் தண்ணீரைத்தான் கொடுப்பார். அது மாத்திரை போட்டுக்கொள்வதற்கு அல்ல. தன்னுடைய பச்சை பாட்டிலை நீட்டி, "ஒரு வாய் முழுங்கு, பாப்பம்" என்பார். கவுன்டர்மேல் கையை ஊன்றிக்கொண்டு, வந்தவரின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். அது ஏறி இறங்கிய பிறகுதான் அவருக்கே மூச்சு வரும். அடுத்தது, "வாயத் தொற. இன்னும். இன்னும் பெருசா." பல்லைப் பார்ப்பதற்காக அல்ல, வாய் முழுசாகத் திறக்கிறதா என்று பார்ப்பதற்காக. இவ்வளவும் முடிந்தால் மாத்திரை கிடைக்கும். அதே ஆள் அதே பல்லோடு மறுபடி வந்து நின்றால் மாத்திரை கிடையாது, பல் டாக்டர் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்புவார்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற தெருவில் ஒரு லாட்ஜில் நான் ரிசப்ஷனில் உட்காருகிறவள். எங்கள் லாட்ஜுக்கு ஒட்டினாற்போல் அந்த மெடிக்கல் ஷாப். அதில் அவர் சில வருஷம் வேலை பார்த்தார். பெயர் தெரியும், ஆனால் ஒருநாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தெருவுக்கே அவர் மெடிக்கல் அக்கா. முதுகுக்குப் பின்னால் தண்ணி அக்கா. அந்தப் பட்டத்தைச் சூட்டியவள் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஒருமுறை எங்கள் லாட்ஜில் தங்கியிருந்த வெளிநாட்டு அம்மாள் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போய் நின்றார். அக்கா வழக்கம்போல பாட்டிலை நீட்டினார். அந்த அம்மாள் இந்த ஊரில் விருந்தாளியை இப்படித்தான் வரவேற்பார்கள் போலிருக்கிறது என்று எண்ணி, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டுக் குடித்தார். நான் அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். கடை முதலாளிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "நான் மெடிக்கல் வெச்சிகினு கீறேனா, தண்ணிப்பந்தல் வெச்சிகினு கீறேனா?" என்று கத்தினார்.

"சாரிங்க" என்றார் அக்கா.

அந்த சாரி அவர் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். கரண்ட் போனால் சாரி சொல்வார், ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வந்தவர் அவரேதான் என்பது போல. மழையில் நனைந்து வந்தவரிடம் சாரி. எங்கள் படிக்கட்டில் யாரோ வழுக்கி விழுந்தால் அந்தப் பக்கத்திலிருந்து சாரி. "அக்கா, சுனாமிக்கும் நீங்கதான் காரணமா?" என்று நான் கேட்டுவிட்டேன். அதற்கும் சிரித்துக்கொண்டே, "சாரிம்மா" என்றார்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒரு சொல்லுக்குத்தான். எங்கள் பக்கத்தில் மெடிக்கலில் போய் "காய்ச்சலுக்கு ஒரு செட்டு குடுங்க" என்று கேட்பது பழக்கம். வலிக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, வயிறு எரியாமலிருக்க ஒன்று என்று பட்டையிலிருந்து வெட்டி, சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வேளைக்கு ஒரு செட்டு. டாக்டர், சீட்டு, காத்திருப்பது எதுவும் கிடையாது. நானே எத்தனையோ செட்டு முழுங்கியிருக்கிறேன். யாராவது அக்காவிடம் "பல்வலிக்கு ஒரு செட்டு" என்று கேட்டால் அவர் முகம் கறுத்துப்போகும். "செட்டெல்லாம் இங்க இல்ல. யாருக்கு? எந்தப் பக்கம்? எத்தினி நாளா? ஜொரம் கீதா?" என்று போலீஸ் மாதிரி ஆரம்பித்துவிடுவார்.

என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறார். ஈசிஆர் ரோட்டில் அவருக்குத் தெரியாத டீக்கடை இல்லை. அவருக்கு வலதுபக்கம் மேல்வரிசையில் ஒரு பல் கூச ஆரம்பித்தது. ஜில்லென்று மோர் குடித்தால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நான்தான் அவரை அக்காவிடம் அனுப்பினேன். தண்ணீர், வாயைத் திற, எல்லாம் நடந்தது. ஒரு மாத்திரையும் கிடைத்தது.

"தம்பி, கூச்சத்தோட கீது. இப்பவே போனீன்னா சொத்தைய சுத்தம் பண்ணி அடைச்சி அனுப்பிடுவாங்க. அதுவே ராத்திரில எழுப்ப ஆரம்பிச்சிச்சின்னா வேர் வரைக்கும் போயிடிச்சின்னு அர்த்தம். அப்போ வேலையும் பெருசு, வலியும் பெருசு" என்றார் அக்கா.

"போனா புடுங்கிடுவாங்கக்கா."

"புடுங்க மாட்டாங்க. அப்டியே புடுங்கனாத்தான் இன்னா?"

"மேல் பல்லுக்கா. மேல் பல்லப் புடுங்கனா கண்ணு நரம்பு பூடும். எங்க மாமா ஒருத்தருக்குப் போச்சி. நான் டிரைவரு. கண்ணு போனா நான் இன்னாத்த வெச்சி ஓட்டறது?"

இந்தப் பயம் என் வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல. எங்கள் தெருவில் பாதிப்பேர் மேல்வரிசைப் பல்லை வலிக்க வலிக்க வைத்துக்கொண்டிருப்பது இதனால்தான். அந்த மாமாவுக்குச் சர்க்கரை இருந்தது, கண் போனது அதனால் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் மனசிலும் ஓர் ஓரத்தில் அந்தப் பயம் இருந்தது. கார் ஓடினால்தான் எங்கள் வீடு ஓடும். அதனால் நானும் ரொம்ப வற்புறுத்தவில்லை.

அக்கா மறுநாளே பல் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார். "பல்லுக்கும் பார்வைக்கும் சம்பந்தமே இல்லியாம், தம்பி. டாக்டரம்மா சிரிக்கிறாங்க" என்றார். இவர், "அவங்களுக்கு இன்னா, அவங்களா ஓட்டப்போறாங்க?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். சீசன் நேரம். கார் நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கொடுக்காத மாத்திரையைக் கோவளத்தில் ஒருவர் கொடுத்தார், கேளம்பாக்கத்தில் ஒருவர் கொடுத்தார். சட்டைப்பையைத் துவைக்க எடுத்தால் காலி காகிதக் கவர்தான் வரும். தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து லவங்கத்தைக் கடித்துக்கொண்டிருப்பார். "இன்னா பேஜாரு இது" என்று சுவரிடம் பேசுவார்.

பிறகு ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் வலி இல்லை. மாத்திரையும் போடவில்லை, தைலமும் வைக்கவில்லை, தானாகவே நின்றுவிட்டது. அவர் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வஞ்சிரம் வாங்கிவந்து வறுக்கச் சொல்லி, எனக்குக் காட்டுவதற்காகவே வலதுபக்கம் வைத்துக் கடித்துத் தின்றார். "பாத்தியா? கடவுளு கீறாரு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நல்ல செய்தியை அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? ஓடிப்போய்ச் சொன்னேன்.

அக்கா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "தானாவா நின்னுச்சி?"

"ஆமாக்கா, தானா!"

"அவ்ளோ வலி வலிச்சிட்டு, ஒண்ணுமே பண்ணாம நின்னுச்சா?"

"ஏன்க்கா, நிக்கக்கூடாதா?"

"நல்லதுக்கு நிக்கலம்மா. உள்ள நரம்பு செத்துப்போச்சின்னா வலி தெரியாது. சீழு மட்டும் உள்ளயே ஏறிகினு இருக்கும். இன்னிக்கே கூட்டினு போ. சாரிம்மா, இன்னிக்கே போ."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஒரு நல்லது நடந்த அன்றைக்குக்கூட இந்தப் பெண்பிள்ளைக்கு நல்ல வார்த்தை வராதா? "வலிச்சாலும் டாக்டர், வலி நின்னாலும் டாக்டரா? நல்லா கீதே ஞாயம்!" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. அடுத்து வந்த நாட்களில் காலையில் கடை திறக்கப் போகும்முன் எங்கள் வீட்டுவாசலில் பச்சை பாட்டிலோடு வந்து நின்றார். "தம்பி, ஒரு வாய்." இவர் விளையாட்டாக அண்ணாந்து குடித்துக் காட்டுவார். "முழுங்கிட்டேன்க்கா, பாஸா ஃபெயிலா?" என்பார். அக்கா தொண்டையைப் பார்த்துவிட்டு, இன்றைக்காவது டாக்டரிடம் போ என்று கெஞ்சிவிட்டு, காலையிலேயே வந்து தொந்தரவு கொடுப்பதற்கு எங்கள் இரண்டு பேரிடமும் சாரி சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு காலையில் இவர் எழுந்தபோது வலது கன்னம் வீங்கியிருந்தது. கன்னத்தோடு நிற்கவில்லை, மூக்கோரமாக ஏறி, கண்ணுக்குக் கீழே பளபளவென்று உப்பி, கண் பாதி மூடிக்கிடந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. "ஏசி காத்து, ஒத்துக்கல" என்றார். விமான நிலையத்துக்கு ஒரு சவாரி ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு கண்ணை வைத்துக்கொண்டே கிளம்பி, சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். நான் பின்னாலேயே கத்திக்கொண்டு போகிறேன், அவர் கேட்கிற ஆள் இல்லை.

அக்கா வாசலில் நின்றிருந்தார். முகத்தை ஒருதரம் பார்த்தார். சாவியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"யக்கா, குடு! கஸ்டமர் வெயிட்டிங்ல கீறாரு!"

"சாரிப்பா."

"மரியாதையா சொல்றேன், குடுத்துடு!"

"சாரிப்பா, சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு கார் கதவில் சாய்ந்து நின்றுவிட்டார். எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து பார்க்கிறார்கள். இவர் எகிறுகிறார், அக்கா அழுகிறார், சாரி சொல்கிறார், நகரவில்லை. நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

பல் டாக்டரம்மா பார்த்த உடனே, இங்கே வைத்துப் பார்க்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது, நேராகச் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்து, தானே போன் பண்ணியும் சொன்னார். அதே ஆட்டோவில் போனோம். திருக்கழுக்குன்றம் தாண்டுகிறவரை அக்கா அந்த பாட்டிலை வைத்துக்கொண்டு, "ஒரு வாய் முழுங்குப்பா, ஒரே வாய்" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இவருக்கு அப்போது பேசத் தெம்பில்லை, சொன்னபடி முழுங்கினார். ஒவ்வொரு முழுங்கலுக்கும் அக்காவின் உதடு ஏதோ முணுமுணுத்தது. நான் ஏதோ சாமி பேர் சொல்கிறார் என்று நினைத்தேன், காதைக் கொடுத்துக் கேட்டால் அதுவும் சாரிதான்.

சீழை எடுத்துவிட்டார்கள், பல்லையும் எடுத்துவிட்டார்கள். ஊசியும் டிரிப்ஸுமாக வார்டில் கிடந்தார். மறுநாள் அங்கிருந்த டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மேல் பல்லுல சீழ் புடிச்சு கண்ணுப் பக்கம் ஏறியிருக்கும்மா. இன்னும் விட்டிருந்தா கண்ணுக்குள்ள போயிருக்கும், அங்கேருந்து மூளைக்கும் போகலாம். பல்லை எடுக்கறதால கண்ணு போகாது. இந்த மாதிரி பல்லை வெச்சுக்கிட்டிருந்தாதான் போகும்." நான் தலையாட்டினேன். கண்ணுக்குப் பயந்து பல்லை வைத்துக்கொண்டிருந்தோம், அந்தப் பல்லே கண்ணைக் கேட்டு வந்தது. வெட்கத்தில் டாக்டர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

வார்டுக்கு வெளியே நடையில் அக்கா உட்கார்ந்திருந்தார். கடைக்குப் போகவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இல்லாவிட்டால் என் குடும்பம் என்ன ஆகியிருக்கும் என்று அழுதேன். அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு அந்தக் கதையைச் சொன்னார்.

"நான் முன்னாடி சிங்கப்பெருமாள் கோயில்ல மெடிக்கல்ல இருந்தேம்மா. பஸ் ஸ்டாப்பு பக்கத்துலயே கடை. கம்பெனி பஸ்ஸு வந்து நிக்கும், பசங்க எறங்கி ஓடியாருவாங்க. ரெண்டு நிமிஷம் நின்னா பெருசு. அதுக்குள்ள குடுக்கணுமே? நான் முன்னாடியே வெட்டி வெட்டி கவர்ல போட்டு வெச்சிடுவேன். காய்ச்சல் செட்டு, தலைவலி செட்டு, பல்வலி செட்டு. என் செட்டுன்னா அந்தப் பசங்களுக்கு அவ்ளோ நம்பிக்கை. கைய நீட்டுவாங்க, நான் வெப்பேன். எனக்கும் பெருமைதான்."

நடையில் போன ஸ்ட்ரெச்சரைப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

"அதுல ஒரு பையன். கான்ட்ராக்ட்டு. லீவு போட்டா அட்டென்டன்ஸ் காசு பூடும்னு டாக்டருகிட்ட போவாம கெடந்திருக்கான். பல்வலி செட்டு, தெனிக்கும். ஒருநா வந்து, 'யக்கா, மாத்திர முழுங்க முடில'ன்னான். வாயே சரியா தொறக்கல, பேச்சு கொழகொழன்னு வந்துச்சி. நான் இன்னா பண்ணேன் தெரியுமா?"

நான் தெரியாது என்றேன்.

"சிரப்பு குடுத்தேன்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"மாத்திர முழுங்க முடிலன்னா சிரப்பு. கொழந்தைங்களுக்குக் குடுக்கறது. நல்லா யோசனை பண்ணி குடுத்துட்டேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். தொண்டை அடைச்சிகினு வந்து நிக்கறான், அவன நான் பஸ்ஸு ஏத்தி அனுப்பறேன். சீழு கழுத்துக்கு எறங்கிடிச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டாரதுக்குள்ள மூச்சு இல்ல. கூட இருந்த பையன்தான் வந்து சொன்னான். சொல்லிட்டு, 'அக்கா, எனக்கு ஒரு தலைவலி செட்டு'ன்னு கைய நீட்டறான். நான் குடுத்தேம்மா. கை பாட்டுக்குக் குடுக்குது."

யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லையாம். போலீஸ் வரவில்லை, வீட்டார் வந்து சண்டை போடவில்லை. அவருக்கு அதுதான் பெரிய தண்டனையாகப் போயிருக்கிறது. யாராவது வந்து இரண்டு அறை அறைந்திருந்தால் தேவலை என்றார்.

"அதுக்கும் மேல ஒண்ணு கீதும்மா. அவன் மொகம் எனக்கு ஞாபகம் இல்ல. எவ்ளோவோ யோசிச்சிப் பாக்கறேன், வரமாட்டுது. கைதான் ஞாபகம் கீது. நான் யார் மொகத்தப் பாத்தேன்?"

நான் ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "இப்ப என் வீட்டுக்காரரக் காப்பாத்திட்டீங்க இல்லக்கா, சரியாப்போச்சி" என்றேன்.

அவர் கோபப்படாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எது சரியாப்போச்சிம்மா?" என்றார். பதில் எதிர்பார்த்துக் கேட்ட மாதிரிதான் இருந்தது. என் நீளமான வாய்க்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

வீக்கம் வடிந்து, கண் திறந்து, என் வீட்டுக்காரர் மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். முதல் சவாரி அக்காவுக்குத்தான் என்று நின்றார். "யக்கா, எங்க போணும் சொல்லு. திருப்பதி? வேளாங்கண்ணி? டீசல் என்னுது." அக்கா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக் கடைசியில், "சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் போய்ட்டு வரலாமா?" என்றார். அந்த ஊர்க் கோயில் நரசிம்மரைப் பார்க்கத்தான் கேட்கிறார் என்று எண்ணி நான் அர்ச்சனைத் தட்டோடு கிளம்பினேன்.

கோயில் பக்கம் வண்டி திரும்பியபோது, "இங்க வேணாம்ப்பா, பஸ் ஸ்டாப்புகிட்ட நிறுத்து" என்றார். சாயங்கால ஷிப்டு நேரம். பக்கத்திலேயே அக்கா சொன்ன மெடிக்கல் இருந்தது. அவர் இறங்கிப்போய் ஓரமாக நின்றார். நாங்கள் காரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கம்பெனி பஸ் ஒன்று வந்து நின்றது. நீலச் சட்டை போட்ட பிள்ளைகள் குதித்து ஓடினார்கள். கவுன்டருக்குள் ஒரு சின்னப்பெண் கவர் கவராக எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாள். கூட்டத்தோடு கூட்டமாக அக்காவும் கையை நீட்டினார். கையில் ஒரு கவர் விழுந்தது. பஸ் போய்விட்டது.

திரும்பி வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். கவரைப் பிரிக்கவில்லை.

"பல்வலி செட்டுன்னு கேட்டேன். நிமிந்தே பாக்கல" என்றார். "நல்ல பொண்ணுதான், பாவம். கூட்டம் அப்டி."

என் வீட்டுக்காரர் கண்ணாடியைச் சரி செய்து பின்னால் வருகிற லாரியைப் பார்த்தார். முன்சீட்டிலிருந்து நான் அவரைப் பார்த்தேன். வலது கண்ணும் இடது கண்ணும் சமமாகத் திறந்திருந்தன, கன்னம் பழையபடி ஒட்டியிருந்தது. அந்த நிமிஷத்தில் என் வயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது. நல்லவேளை, அந்தப் பையனுக்கு முன்னாடியே அப்படி நடந்துவிட்டது என்று நினைத்தேன். அவன் செத்திராவிட்டால் இந்த அக்காவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, என் புருஷனும் ஒரு செட்டை முழுங்கிவிட்டு விமான நிலையத்துக்குக் கிளம்பியிருப்பார். அப்படியே, வார்த்தை வார்த்தையாக, நல்லவேளை என்றுதான் நினைத்தேன். யாரோ பெற்ற பிள்ளை.

அக்கா பிறகு கடையை விட்டுவிட்டு மகளோடு கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டார். ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்று இவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான்தான் சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறேன். அந்த முகத்தைப் பார்த்தால் அந்த நினைப்பு வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு வண்டி ஜிஎஸ்டி ரோட்டில் ஏறியதும் பின்னாலிருந்து ஒரு கை வந்து என் தோளைத் தொட்டது.

"சாரிம்மா" என்றார் அக்கா. "ஒங்கள ரொம்ப நேரம் காக்க வெச்சிட்டேன்."